உப்பு நான் போடவில்லை

ஆவணி, தொட்டி மாற்றுகிற மாதம். இப்போதும் என் நாற்றுப் பண்ணையில் அந்த மாதம்தான் கூட்டம். வெயிலிலும் மழையிலும் அலுத்துப்போன செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக வைக்க வருகிறார்கள். கலர் கலராக வேண்டும் என்கிறார்கள். கொடுக்கிறேன். சிரித்துப் பேசித்தான் கொடுக்கிறேன். உள்ளே கோபமாக இருக்கும். ஏனென்று என் வீட்டுக்காரருக்கே ரொம்ப நாள் தெரியாது.

என் வயதுக்காரர்கள் நீங்களெல்லாம் சின்ன வயதைப் பற்றி எழுதினால் நல்லதாகவே எழுதுகிறீர்கள். ஐஸ் வண்டி, லீவு நாள், மழையில் நனைந்தது. உங்களுக்கு அப்படி இருந்திருக்கலாம். எனக்கு எழுத ஒரு விஷயம்தான் இருக்கிறது. ஒரே ஒரு வருஷத்து ஆவணியும் புரட்டாசியும். தொண்ணூறுகளின் நடுவில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

நான் ஏழாவது பாதி வரை படித்தவள். அதுவும் கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து, கல்யாணமாகி, எல்லையில் ஓடுகிற பாலாறு தாண்டி மேட்டூர்ப் பக்கம் வந்த பிறகு கூட்டிக் கூட்டிப் படித்தது. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு இல்லை.

மைசூரில் யாதவகிரியில் ஒரு பங்களா. ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவருடையது. தமிழ்க் குடும்பம்தான். அவரை ஐயா என்போம். பேப்பருக்கு வெளியே அவர் முகத்தை நான் பார்த்தது குறைவு. வீடும் தோட்டமும் நாங்களும் அவர் மனைவியின் கையில். பங்களாக்காரம்மா என்று எங்களுக்குள் சொல்வோம். என் அப்பா அங்கே தோட்டக்காரர். பங்களாவுக்குப் பின்னால் ஒரு அறை, அதற்கு ஒரு தகரச் சாய்ப்பு. அவுட்ஹவுஸ் என்பார்கள். அதில் அப்பா, அம்மா, நான். சொந்த ஊர் கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் ஹனூர்.

அந்த வருஷம் பங்களாக்காரம்மாவின் மகன் பெங்களூரில் கார் வாங்கியிருந்தார். வந்தால் நிறுத்த இடம் இல்லை. அவுட்ஹவுஸை இடித்துவிட்டு, வாரத்துக்கு ஒரு நாள் வந்து போகிற ஆளை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அந்த அம்மாவுக்கு வேறு ஒரு ஆசை இருந்தது. தசரா சமயத்தில் வீட்டுத் தோட்டங்களுக்குப் போட்டி நடக்கும். மூன்று பேர் வந்து பார்த்து மார்க் போடுவார்கள். எதிர் வீட்டுக்கு இரண்டு வருஷமாகக் கப் போயிருந்தது. எதிர் வீட்டம்மா அதை ஜன்னலில், ரோட்டைப் பார்க்க வைத்திருந்தார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பங்களாக்காரம்மா அப்பாவைப் படிக்கட்டுக்குக் கீழே நிற்க வைத்துச் சொன்னார்.

“இந்த வருஷம் கப் இங்க வரணும். வந்துதுன்னா அவுட்ஹவுஸ் பேச்சையே எடுக்க மாட்டேன். பையன் கிட்ட நான் சொல்லிக்கறேன். வரலைன்னா அவன் சொன்னபடிதான்.”

“சரிங்கம்மா,” என்றார் அப்பா.

கப் வந்தால் மைசூர். வராவிட்டால் ஹனூர். எனக்கு அதன் அர்த்தம் பள்ளிக்கூடம். ஏழாவதில் அப்போது பொதுப் பரீட்சை. எங்கள் வீட்டில் யாரும் அது வரை போனதில்லை. ஹனூரில் என் பெரியப்பா மகள்கள் இரண்டு பேரும் ஐந்தாவதோடு ராகிக் காட்டுக்குக் களை எடுக்கப் போய்விட்டார்கள். எனக்குக் கணக்கு நன்றாக வரும். கணக்கு டீச்சர் என் நோட்டைத் தூக்கி வகுப்புக்குக் காட்டுவார். அதை விட்டுப் போக எனக்கு மனதில்லை. அதனால் அந்தத் தொட்டிகளில் அப்பாவுக்குச் சமமாக நானும் வேலை செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை.

மொத்தம் நூற்றிருபது தொட்டி. முன்படியின் இரண்டு பக்கமும், போர்ட்டிகோவைச் சுற்றியும், இரும்பு ஸ்டாண்டுகளில் அடுக்கடுக்காக. ஆவணி பிறந்தபோது பார்க்கச் சகிக்காது. மழையில் நீண்டு, அடியில் இலை உதிர்ந்து, இறகு பிடுங்கிய கோழிக்கால் மாதிரி நின்றன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம். வேர் தொட்டி வடிவத்திலேயே வெளியே வரும். உதறினால் வெள்ளைப் புழு சுருண்டு விழும். மைனாக்கள் எங்கள் பின்னாலேயே நடக்கும்.

தொட்டியைச் செங்கல் துண்டால் தேய்ப்பேன். பாசி பச்சையாக வழியும். காய வைத்து, செம்மண்ணைக் கரைத்துப் பழந்துணியால் பூசுவேன். அந்தச் சிவப்பு நக இடுக்கில் இருந்து ஒரு மாதம் போகாது. அப்பா ஓட்டையில் ஓட்டுச் சில்லு வைத்து மண் போடுவார். செம்மண், மணல், இலை மக்கு, சாணி எரு, வேப்பம்புண்ணாக்கு. புண்ணாக்கு நாற்றம் என் கையில் இருந்ததால் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெண் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டாள். நகரட்டும் என்று இருந்தேன்.

நாற்று எல்லாம் அப்பா ஆடியிலேயே விதைத்து வளர்த்தவை. சிவப்பு சால்வியா. மூன்று நிறத்தில் காசித்தும்பை. கோழிக்கொண்டை. ஜினியா. துலுக்கச் சாமந்தி. உயரமானது மேலே, குட்டை கீழே. இருபது நாளில் வேர் பிடித்துத் தலை தூக்கின. இன்னும் ஒரு வாரத்தில் அங்கங்கே மொட்டு. எதிர் வீட்டம்மா கேட் வரை வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பங்களாக்காரம்மா அன்று எனக்கு ஒரு மைசூர்பாகு கொடுத்தார். சாப்பிட்டேன்.

இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் சொசைட்டியில் மூட்டையில் விற்கிற உரத்துக்கு உப்பு என்றுதான் பெயர். யூரியா என்று யாரும் சொல்வதில்லை. ‘கரும்புக்கு உப்பு வெச்சாச்சா’ என்பார்கள். சட்டியில் போடுவதும் உப்பு, காட்டில் போடுவதும் உப்பு. எங்களுக்குக் குழம்பாது. எங்கே நின்று சொல்கிறோம் என்பதிலேயே தெரிந்துவிடும். அப்பாவிடம் அந்த உப்பு ஒரு தகர டப்பாவில் இருந்தது. ஷெட்டில் பூட்டி வைத்திருப்பார். வெளியே போகும்போது ஷெட் சாவியைப் பங்களாக்காரம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். மண்வெட்டியைக் கூட எண்ணி வைப்பார்கள்.

நடுவர்கள் வர இரண்டரை வாரம் இருந்தது. ஹனூரில் பெரியப்பா இறந்துவிட்டார் என்று சேதி வந்தது. எனக்குப் பத்து நாளில் தசரா லீவுக்கு முந்தைய பரீட்சை. அதனால் என்னை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் சனிக்கிழமை கொள்ளேகால் பஸ் ஏறினார்கள். போகும்போது அப்பா சொன்னார்.

“அம்மணி, திங்கக்கெழமை பொழுதோட தொட்டிக்கெல்லாம் உப்புப் போடோணும். மூணு வெரல்ல அள்ளுனா அதுல பாதி. வேரை ஒட்டாம ஓரமாப் போடு. போட்டுட்டுத் தண்ணி ஊத்திப்போடு. சாவி அந்தம்மாகிட்டக் கேட்டு வாங்கிக்கோ.”

“செரிப்பா.”

“அளவு மீறக் கூடாது. மீறுனா கருகிப்போயிரும்.”

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பின்வாசலில் போய் நின்றேன். சமையல்காரம்மா ராகி சலித்துக்கொண்டிருந்தார். அவர் நஞ்சன்கூடு பக்கத்துக்காரர், கன்னடம்தான் பேசுவார். என்னைப் புட்டி என்று கூப்பிடுவார். சின்னப் பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். பங்களாக்காரம்மா காபி ஆற்றிக்கொண்டிருந்தார்.

“என்னடி?”

“ஷெட் சாவி வேணுமுங்கம்மா. தொட்டிக்கு உப்புப் போடோணும்னு அப்பா சொல்லிட்டுப் போனாருங்.”

“உப்பா?”

“ஆமாங்.”

“உப்புக்கு ஷெட் சாவி எதுக்கு? என் சமையலறை உப்பை உங்கப்பன் அங்க வேற கொண்டு போய் வெச்சிருக்கானா?”

“அந்த உப்பு இல்லீங்கம்மா. எங்க உப்பு.”

அவர் சிரித்துவிட்டார். “உப்புல என்னடி எங்க உப்பு உங்க உப்பு? மைசூருக்கு ஒண்ணு, ஹனூருக்கு ஒண்ணா?” உள்ளே திரும்பி, “கேட்டீங்களா, இவங்க உப்பு வேறயாம்,” என்றார். உள்ளே பேப்பர் சலசலத்தது.

“வெள்ளையா இருக்குமுங்க. டப்பால இருக்கு.”

“உப்பு வெள்ளையாத்தாண்டி இருக்கும்.”

யூரியா என்ற பெயர் அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். கன்னடத்தில் எருவுக்கு என்ன சொல்வார்கள் என்று தெரியும். அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. இன்றைக்கும் சில நாள் அந்த வாசலில் நின்று சரியான சொல்லைச் சொல்கிறேன், மனதுக்குள்.

அவர் அதற்குள் எழுந்துவிட்டார். “கிளப்ல ஒருத்தங்க சொன்னாங்க, ஃபாரின்ல ரோஜாவுக்கெல்லாம் உப்புப் போடறாங்கன்னு. உங்கப்பனுக்கும் தெரிஞ்சிருக்கு, பரவாயில்லையே.” ரோஜாவுக்குப் போடுவது மருந்துக்கடை உப்பு, பேதிக்குக் குடிப்பது. அதை நான் பண்ணை வைத்த பிறகு தெரிந்துகொண்டேன். ஆக மூன்று உப்பு. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது ஒன்று.

அடுப்படி மூலையில் பெரிய பீங்கான் ஜாடி. பழுப்பு நிறம், வெள்ளை மூடி. ஊறுகாய்க்கு என்று கல்லுப்பு நிறைத்து வைத்திருந்தது. அதைத் தூக்கி வரச் சொன்னார்.

சமையல்காரம்மா ஜாடியைத் தூக்கியபடியே, “கிடக்கெ உப்பா அம்மா?” என்றார். செடிக்கு உப்பா என்று.

“உன் வேலையப் பாரு,” என்று கன்னடத்தில் பதில் வந்தது.

“வேண்டாமுங்கம்மா. அப்பா வந்துரட்டும்,” என்றேன்.

“கொஞ்சம் சும்மா இருக்கியா? எவ்வளவு போடச் சொன்னான்?”

“மூணு வெரல்ல பாதிங்.”

“கஞ்சத்தனத்தைப் பாரு. இப்படிப் போட்டா எந்தக் காலத்துல பூக்கறது?”

கை நிறைய அள்ளி அள்ளிப் போட்டார். முன்படியில் தொடங்கி, நல்ல தொட்டிகளாகப் பார்த்து. வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தொண்ணூறு தொட்டியில் ஜாடி தீர்ந்தது. பக்கவாட்டில் இருந்த முப்பது தப்பித்தன. நான் இன்னொரு தரம் வேண்டாம் என்றேன். சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்ல எங்களுக்குப் பழக்கம் இல்லை.

“தண்ணி ஊத்து,” என்றார்.

ஊற்றினேன். பூவாளியில் பிடித்துப் பிடித்துத் தொண்ணூறு தொட்டிக்கும் நான்தான் ஊற்றினேன். அதை மறைக்கப் போவதில்லை. தண்ணீர் நான் ஊற்றினேன். உப்பு நான் போடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை காசித்தும்பை தலை சாய்ந்தது. வெந்நீர் ஊற்றியது போல் தண்டு கண்ணாடியாகிவிட்டது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்து திரும்பியபோது சால்வியா இலையின் ஓரம் எல்லாம் பழுப்பு. புதன்கிழமை சாமந்தி. கோழிக்கொண்டை மட்டும் வியாழன் வரை பிடிவாதமாக நின்றது. நான் பூசிய செம்மண் மேல் உப்பு வெள்ளையாகப் பூத்து வந்தது. பங்களாக்காரம்மா ஜன்னலில் நின்று பார்த்தார். வெளியே வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அப்பா மொட்டை அடித்திருந்தார். பையைக் கீழே வைக்காமல் முன்படி வரை போனார். ஒரு தொட்டியில் விரலை விட்டு மண் எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். அடுத்த தொட்டி. துப்பினார். பிறகு தலையைத் திருப்பிச் சமையலறை ஜன்னலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். அதனால் எனக்குத் தெரியும்.

பங்களாக்காரம்மா வெளியே வந்தார்.

“பாத்தியா உன் பொண்ணு பண்ணின காரியத்தை. உப்புப் போடணும், உப்புப் போடணும்னு நின்னா. வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். நான் அந்தப் பக்கம் போனதும் ஜாடியையே தூக்கிட்டுப் போயிட்டா.”

அந்த ஜாடியை என்னால் தூக்கவே முடியாது. இரண்டு கையால் கட்டிப் பிடித்தாலும் முடியாது. அப்பாவுக்கு அது தெரியும். அவரே அதை லாரியில் இருந்து இறக்கி வைத்தவர்.

“நான் போடலீங்கப்பா. அவங்கதான்—”

முதல் அடி அதற்குள் விழுந்துவிட்டது. மொத்தம் மூன்று. மூன்றாவதில் காது கேட்காமல் ஒரு ரீங்காரம் வந்தது.

“அம்மாகிட்டக் கும்புட்டு மன்னிப்புக் கேளு.”

கேட்கவில்லை. பிடரியைப் பிடித்துக் குனிய வைத்தார். குனிந்தேன். வாயைத் திறக்கவில்லை.

“விடு, விடு. குழந்தைதானே,” என்றார் பங்களாக்காரம்மா.

அந்தச் சொல்லுக்காக அவரை இன்றும் மன்னிக்கவில்லை. பொய்யைக் கூட ஒரு வேளை மன்னித்திருப்பேன்.

சமையல்காரம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் உள்ளே போய்விட்டார். சாயங்காலம் ஒரு வெல்லக் கட்டியோடு அவுட்ஹவுஸ் பக்கம் வந்தார். “நனகே ஏனு கொத்தில்லம்மா புட்டி,” என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று. யாரும் அவரைக் கேட்கவே இல்லை. வெல்லத்தை நான் வாங்கவில்லை.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தார்.

“ஒரு மன்னிப்புக் கேட்டா நாக்கு தேஞ்சா போயிரும்?” என்றார்.

“நான் எதுக்குக் கேக்கோணும்?”

“இந்த ஊட்டுல இருக்கோணுமே, அதுக்கு.”

வெள்ளிக்கிழமை அப்பா அந்தத் தொண்ணூறையும் கவிழ்க்கத் தொடங்கினார். ஆவணியில் செய்த அதே வேலை, நடுவர்கள் வருவதற்குள், பன்னிரண்டு நாளில் மறுபடி. உப்பு மண்ணை மதிலோரம் கொட்டினோம். தொட்டிகளைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போட்டுத் தேய்த்தோம். நாற்று இல்லை. விதைக்க நேரம் இல்லை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மற்ற பங்களாத் தோட்டக்காரர்களிடம் போனார். தன் கப்புக்கான பூவை யார் கொடுப்பார்? கொடுக்கவில்லை. மிச்சமானதைக் கொடுத்தார்கள். வெட்டிப் போட்ட கோலியஸ் கிளைகள், குரோட்டன்ஸ், ஊதா இலைக் கொடி. வேர் விட்டதும் விடாததுமாகச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். தன் கீரைப் பாத்தியில் இருந்து சிவப்புத் தண்டுக்கீரையைக் கூடப் பெயர்த்து வைத்தார்.

திங்கட்கிழமை காலை நான் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நின்றேன். அன்று முதல் பரீட்சை. கணக்கு.

“அதைக் கழட்டிப் போட்டுட்டு வா. ஆள் பத்தாது,” என்றார் அப்பா.

“பரீட்சைப்பா.”

“நீ பண்ணுன வேலைதானே இது.”

பக்கத்தில் யாரும் இல்லை. பங்களாக்காரம்மா கூட இல்லை. எங்கள் இரண்டு பேர் முன்னால், எங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தில், அவர் அப்படிச் சொன்னார். கழற்றிவிட்டு வந்தேன். அந்த வாரம் முழுக்கத் தொட்டி தேய்த்தேன். ரோட்டில் என் வகுப்புப் பெண்கள் அட்டையும் பேனாவுமாகப் போனார்கள்.

அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். பங்களாக்காரம்மா எப்போது வெளியே வந்தாலும் அவரைப் பார்ப்பேன். பேச மாட்டேன். வேலையை நிறுத்திவிட்டு நேராகக் கண்ணைப் பார்ப்பேன். அவர் காபி குடித்தால் பார்ப்பேன். பூப் பறித்தால் பார்ப்பேன். முதலில் முறைத்தார். பிறகு வேறு பக்கம் திரும்பினார். பிறகு முன்படிக்கு வருவதையே குறைத்துக்கொண்டார்.

நடுவர்கள் வந்தார்கள். மூன்று பேர், கையில் அட்டை. வழி முழுக்க எல்லா வீட்டிலும் பூ பார்த்துவிட்டு வந்தவர்கள். எங்கள் வாசலில் பூவே இல்லை. தப்பித்த முப்பது பூத்தொட்டியும் இதோடு ஒட்டாது என்று அப்பா பின்பக்கம் நகர்த்திவிட்டிருந்தார். இலை மட்டும். ஊதா, மஞ்சள், ரத்தச் சிவப்பு, பச்சைக்குள் வெள்ளை. அப்பா அடுக்கியிருந்த விதம் அப்படி. சாயங்கால வெயில் கீரைத் தண்டு வழியாக வந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் பொய் சொன்னவளாவேன்.

ஒருவர் ஏன் பூ இல்லை என்று கேட்டார்.

“எல்லாரும் பூ வைக்கறாங்க. இந்த வருஷம் பூவே வேண்டாம், இலையிலேயே கலர் கொண்டு வரலாம்னு நான்தான் தோட்டக்காரன் கிட்டச் சொன்னேன்,” என்றார் பங்களாக்காரம்மா. கன்னடத்தில், அழகாக, மூச்சு வாங்காமல் சொன்னார். அப்பா கை கட்டி நின்றார். தலையை ஆட்டினார்.

கப் வந்தது. எதிர் வீட்டு ஜன்னலைப் பார்க்க இந்த வீட்டு ஜன்னலில் வைத்தார்கள்.

தசரா முடிந்து, பங்களாக்காரம்மா அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டார். நான் சாய்ப்புக்குக் கீழே இருந்தேன். கேட்டது.

“சொன்ன சொல் மாற மாட்டேன். அவுட்ஹவுஸ் உங்களுக்குத்தான். ஆனா அந்தப் பொண்ணு இங்க வேண்டாம். அவ பார்வையே சரியில்லை. ஊர்ல விட்டுடுங்க.”

அப்பா ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பரீட்சை என்று ஒரு சொல், பள்ளிக்கூடம் என்று ஒரு சொல்.

“சரிங்கம்மா,” என்றார்.

லீவு முடிவதற்குள் என்னை ஹனூரில் சித்தப்பா வீட்டில் விட்டார்கள். அங்கே பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. பெரியப்பா போனதில் காட்டுக்கு ஒரு ஆள் குறைந்திருந்தது. தையில் சேர்க்கிறோம் என்றார்கள். தையில் ராகி அறுப்பு. பிறகு யாரும் பேச்சை எடுக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் அந்த அவுட்ஹவுஸில் இன்னும் பதினோரு வருஷம் இருந்தார்கள்.

என்னை ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்று ஊரில் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு ஒரு காரணம் வேண்டுமே. அப்பா சொன்ன காரணம், அம்மணி செடிக்கு உப்புப் போட்டுவிட்டாள் என்பது. அதைச் சிரிக்கும்படியாகச் சொன்னார். அவருக்குக் கதை சொல்ல வரும். அன்றில் இருந்து நான் உப்புக்காரி. கல்யாணத்தன்று கூட, பந்தியில் உப்புக்காரியைப் பரிமாற விடாதீங்க என்று ஒரு மாமா சொல்லிவிட்டுத்தான் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் அதைச் செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பா கண் ஆபரேஷனுக்கு என் வீட்டில் வந்து இருந்தார். கட்டு அவிழ்க்காத கண்ணோடு பண்ணைக்குள் உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டேன்.

“அன்னிக்கே தெரியுமா உங்களுக்கு?”

எது என்று கேட்கவில்லை. “மண்ணை நாக்குல வெச்சப்பவே தெரியும்.”

“அப்பறம் ஏன் அடிச்சீங்க?”

“அந்தம்மாவைச் சொல்லியிருந்தா அன்னிக்கே வெளிய போயிருப்போம். உன்னை அடிச்சா என்ன, நீ என்ற புள்ள. நாளைக்கும் என்ற புள்ளதான்.” கொஞ்சம் கழித்து, “காப்பி இருக்கா அம்மணி?” என்றார்.

கொடுத்தேன். அவர் சொன்ன கணக்கு சரிதான். யாரை அடித்தால் நஷ்டம் இல்லை என்று பார்த்து அடித்திருக்கிறார். கணக்கு சரியாக இருப்பதால் கோபம் குறையும் என்று இல்லை.

போன வைகாசியில் ஹனூரில் சித்தப்பா பேத்திக்குக் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பா சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, “உப்பு கம்மி. உப்புக்காரியைக் கூப்புடுங்கப்பா,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் பக்கத்தில் என் மகள். அவளுக்கும் இப்போது பன்னிரண்டு வயது, ஏழாவது படிக்கிறாள்.

“ஏன் தாத்தா அம்மாவை உப்புக்காரின்னு சொல்றாங்க?” என்று அப்பாவைக் கேட்டாள்.

அப்பா இலையில் இருந்து கையை எடுத்துவிட்டுக் கதைக்குத் தயாரானார். “அது ஒரு பெரிய கதை சாமி. உங்கம்மா சின்னப் புள்ளைல—”

“உள்ளதைச் சொல்லுங்கப்பா,” என்றேன்.

என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது. பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அப்பா என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை.

“இவ போடலை,” என்றார். “பங்களாக்காரம்மாதான் போட்டாங்க. எனக்கு அன்னிக்கே தெரியும்.”



சித்தப்பாதான் முதலில் பேசினார். “அண்ணனுக்கு வயசாக ஆகப் புள்ள மேல பாசம் பொங்குது. கண்ணு ஆபரேசனுக்கு ஊசியும் மருந்தும் அவதானே பாத்தா, பின்ன எப்படிச் சொல்லுவாரு?”

பந்தி முழுக்கச் சிரித்தது. எதிர் வரிசையில் ஒரு அத்தைக்குப் புரையேறி, தலையில் தட்டினார்கள். அப்பா இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

நான் இலையை மடிக்கப் போனேன்.

என் மகள் சிரிக்கவில்லை. விரலை மடக்கி என்னவோ யோசித்துக்கொண்டிருந்தாள். நான் ஏழாவது பாதியில் நின்றவள் என்பது அவளுக்குத் தெரியும்.

“அம்மா, அப்ப உன் பரீட்சை?”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னை அதைக் கேட்டதில்லை.

“எழுதலை,” என்றேன்.